பம்பை மாற்றுமுன்

நம் அங்கத்தினர்களில் பலர் இன்று கார் வைத்திருக்கிறார்கள். புதிய கார் அன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிறரிடம் உழைத்துவிட்டு, விலை இறங்கிய பின் நம் வாசலுக்கு வந்து சேர்ந்த கார். சேலைக் கட்டுகளைச் சங்கத்தில் சேர்ப்பதற்கும், வாழைத்தாரைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும் அஃது உதவுகிறது. எனினும் வாங்கிய விலை குறைவு என்பதற்காக அதனைப் பேணும் செலவும் குறைந்துவிடுவதில்லை. பழைய காரில் பழுது வந்தே தீரும். வந்த பழுதின் மூலத்தை அறியாமல் பணத்தைக் கொட்டுவதுதான் நாம் செய்யும் தவறு. இந்தத் தவற்றை நானே செய்தேன். பவர் ஸ்டியரிங் பம்பு என்னும் ஒரு சிறு கருவியின் பொருட்டு இருமுறை பணம் கொடுத்தேன். அந்த அனுபவம் மற்ற அங்கத்தினர்களுக்குப் பயன்படுமாயின் கொடுத்த பணம் வீணாகாது என்றே இதனை எழுதுகிறேன்.

மலைப் பாதையில் நேர்ந்தது

சேந்தமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பயிர்த்தொழில் செய்யும் என் தங்கையின் கணவரும் நானும் கூட்டாக ஒரு டீசல் கார் வாங்கியிருந்தோம். வயது இருபதைக் கடந்த வண்டி. ஓர் ஆடி மாதத்தில் அறப்பளீஸ்வரரைத் தரிசிக்க வேண்டும் என்று என் தாயார் விரும்பவே, குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை இப்பக்கத்தார் அனைவரும் அறிவர்.

ஏறும்போது குறை ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், குறை ஒரு மாதமாகவே தோன்றிக்கொண்டிருந்தது. நாங்கள்தாம் அதனைக் குறையாகக் கருதவில்லை. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் வண்டு முரலுவது போன்ற ஓர் ஓசை எழும். ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் அது வலுக்கும். எண்ணெய் டப்பாவில் அளவு குறைந்திருக்கும். கடைக்காரர் கொடுத்த ஏதோ ஓர் எண்ணெயை வாரம் ஒருமுறை ஊற்றி வந்தோம். ஒழுக்கு எங்கே என்று பார்க்க மாப்பிள்ளை விரும்பினார். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டவன் நான்.

இறங்கும்போது ஏறத்தாழ 20 வளைவுகள் மீதமிருந்தன. ஒரு வளைவில் பாதி திரும்பிய நிலையில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. "மச்சான், திருப்ப முடியவில்லை!" என்றார் மாப்பிள்ளை. பின்னால் அம்மாவும் குழந்தைகளும் இருந்தார்கள். எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் பதறவில்லை. எஞ்சினை நிறுத்தவும் இல்லை. பிரேக்கை அழுத்தி வேகத்தை அடக்கிக்கொண்டு, இரு கைகளாலும் முழு பலத்தோடு சக்கரத்தை இழுத்து, அங்குலம் அங்குலமாக வண்டியை வளைத்து ஓரத்தில் நிறுத்தினார். பஸ் எங்களைக் கடந்து சென்றது. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் திருநீற்றை எடுத்துப் பேரக் குழந்தைகளின் நெற்றியில் இட்டார். அந்த மௌனம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

உதவி போனால் பிடி போவதில்லை

அன்று நாங்கள் தப்பியதற்குக் காரணம் உண்டு. பவர் ஸ்டியரிங் என்பது நம் கைக்குத் துணை செய்யும் ஏற்பாடே அன்றி, கைக்கு மாற்றன்று. ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தண்டும் பற்சக்கரமும் எப்போதும் இணைந்தே இருக்கின்றன. பம்பு நின்றுபோனால் துணைதான் போகிறது, பிடி போவதில்லை. ஆயினும் சக்கரம் மிகவும் கனக்கும். அம்பாசிடர் போன்ற கார்களைப் பவர் ஸ்டியரிங் இன்றியே ஓட்டினோமே என்று சிலர் கேட்கலாம். அவற்றில் ஸ்டியரிங் சக்கரம் பெரிது; பலமுறை சுற்றினால் சிறிது திரும்பும்படி பற்களும் அமைந்திருந்தன. பம்பின் துணையை எதிர்பார்த்து அமைத்த காரிலோ சக்கரம் சிறிது, சுற்றும் குறைவு. ஆகவே துணை போனபின் அக்காலக் காரைவிட இது அதிகமாகக் கனக்கிறது. வண்டி ஓடும்போது கனம் சற்றுக் குறையும். நிற்கும்போதும் ஊர்ந்து திரும்பும்போதும் மிகும்.

எனவே வழியில் ஸ்டியரிங் கனத்தால் செய்யத்தக்கது இதுவே. எஞ்சினை நிறுத்தலாகாது. நிறுத்தினால் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட ஏற்பாடும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டும் விழக்கூடும். வேகத்தைக் குறைத்து, கீழ்க் கியருக்கு மாறி, இரு கைகளாலும் பற்றி, இடமுள்ள ஓரத்தில் நிறுத்துக. நின்றபின் எஞ்சினை அணைத்து மூடியைத் திறந்து பார்க்கலாம். ஒழுகிய எண்ணெய் சூடேறிய புகைக்குழாயின் மேல் பட்டால் தீப்பற்றும் அபாயம் உண்டு. அழுத்தக் குழாயில் ஒழுக்கு இருக்கிறதா என்று வெறுங்கையால் தடவிப் பார்ப்பதும் ஆகாது. எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து பீறிடும் எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உட்புகக் கூடியது. ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பதே தக்கது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீடு சேரலாமா என்று கேட்பர். பம்புக்கென்று தனிப் பெல்ட் உள்ள பழைய கார்களில் அவ்வாறு செய்து, நிதானமாகச் சிறிது தூரம் செல்வது இயலும். எல்லாக் கருவிகளையும் ஒரே பெல்ட் சுழற்றும் கார்களிலோ அதனைக் கழற்றினால் தண்ணீர்ப் பம்பும் மின்னாக்கியும் நின்றுவிடும். எஞ்சின் கொதித்துப் போகும். எண்ணெய் வற்றிய பம்பைத் தொடர்ந்து சுழலவிடுவதும் அதனை அழிப்பதேயாகும்.

பம்பு வேலை செய்யும் விதம்

பவர் ஸ்டியரிங்குக்கு வழிகாட்டியவர் பிரான்ஸிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்க எஞ்சினியர். அவர் 1926-ஆம் ஆண்டிலேயே தம் அமைப்பைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். எனினும் விற்பனைக்கு வந்த பயணிகள் காரில் அஃது இடம்பெற்றது 1951-ஆம் ஆண்டில், கிறைஸ்லர் இம்பீரியல் காரில்தான். இப்போது வரும் புதிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார மோட்டாரே துணை செய்கிறது; அவற்றில் எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. நம்மிடம் உள்ள பழைய கார்களுக்கோ பம்பே உயிர்நாடி.

கிணற்று மோட்டாரை அறிந்தவர்க்கு இது புதிதன்று. எஞ்சினின் பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. பம்பின் உள்ளே ஓர் உருளையும், அதன் பிளவுகளில் நகரும் சிறு தகடுகளும் உண்டு. அவை நீள்வட்டமான ஒரு வளையத்தின் உட்சுவரை உரசிக்கொண்டே சுழன்று எண்ணெயைத் தள்ளுகின்றன. எண்ணெய் டப்பாவிலிருந்து பம்புக்கு ஓர் உறிஞ்சு குழாய். பம்பிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்கு ஓர் அழுத்தக் குழாய். அங்கிருந்து டப்பாவுக்குத் திரும்பி வர ஒரு குழாய். டப்பாவின் உள்ளே ஒரு சல்லடை. ஏற்பாடு இவ்வளவே. சக்கரத்தை ஒரு கோடி வரை திருப்பிப் பிடிக்கும்போது பெரும்பாலான கார்களில் சதுர சென்டிமீட்டருக்கு 60 முதல் 100 கிலோகிராம் வரை அழுத்தம் ஏறும். ஆதலால் அந்நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைத்தல் கூடாது.

உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் கிணற்று மோட்டார் என்ன ஆகிறது? தண்ணீர் ஏறாது, மோட்டார் ஓலமிடும். அடிவால்வில் பாசி அடைத்தாலும் அவ்வாறே. தண்ணீர் வரவில்லை என்பதற்காக நாம் மோட்டாரைத் தூக்கி எறிவதுண்டோ? ஆனால் காரின் பம்பு ஓலமிட்டபோது நாங்கள் செய்தது அதுவே.

இருமுறை கொடுத்த பணம்

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் அருகிலுள்ள ஊரில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். ஓசையைக் கேட்டதும், "பம்பு போய்விட்டது" என்றார்கள். பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு பம்பு வாங்கி மாட்டி, மேலாகப் புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். பம்புக்கும் கூலிக்கும் ஆன தொகை என் தறியின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டியது. ஸ்டியரிங் இலகுவாயிற்று, நாங்களும் மகிழ்ந்தோம். மூன்று வாரம் சென்றது. ஒருநாள் காலை, அதே வண்டு முரலத் தொடங்கியது.

இம்முறை வயது முதிர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தொட்டு வெயிலில் பிடித்தார். எண்ணெய் கருத்திருந்தது, அதில் வெள்ளி மின்னுவதுபோல் இரும்புப் பொடி தெரிந்தது. பின்னர் உறிஞ்சு குழாயை விரல்களால் அழுத்தினார். அது வெந்த வாழைத்தண்டு போல் அமுங்கிற்று. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடச் சொன்னார். எங்கள் கண்ணெதிரே அந்தக் குழாய் தானே சப்பையாகிற்று. டப்பாவைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியபோது சல்லடை முழுதும் கரிய வண்டல் அப்பியிருந்தது.

"ஐயா, உங்கள் பம்பு தேய்ந்து சாகவில்லை, தாகத்தால் செத்தது. இப்போது மாட்டியிருப்பது வரும்போதே பாதி உயிரோடு வந்திருக்கும்; அதற்கும் குடிக்க எண்ணெய் கிடைக்கவில்லை" என்றார். பழைய பம்பு எங்கே என்று கேட்டார். நல்லவேளையாக மாப்பிள்ளை அதனைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அதைப் பிரித்துப் பார்த்தபோது வளையத்தின் உட்சுவரில் ஆழமான கீறல் இல்லை. தகடுகள் பிளவுகளில் தடையின்றி நகர்ந்தன. தண்டின் ஆயில் சீல் மட்டும் இறுகிக் கல்லாகியிருந்தது. ஒழுக்குக்குக் காரணம் அதுதான். இரண்டாவதாக வாங்கிய பம்பின் வளையமோ நகத்துக்கு நெருடும்படி கீறிக் கிடந்தது. சீல் வகைகளை மட்டும் மாற்றி, நாங்கள் விலக்கிய அந்தப் பழைய பம்பையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். இன்றும் அதுவே ஓடுகிறது.

ஒரே இடத்தில் பாவிழை மீண்டும் மீண்டும் அறுமாயின், நெசவாளி இழையை முடிந்துகொண்டே இருக்கமாட்டான். அச்சிலோ விழுதிலோ பிசிறு உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பான். முப்பது ஆண்டு தறியில் அமர்ந்த நான், இந்த எளிய அறிவைக் காரின் முன் மறந்துபோனேன் என்பதே எனக்கு நாணம் தருவது.

நோயை அறியும் முறை

அன்று அம்மெக்கானிக் செய்து காட்டியவற்றையும் சொன்னவற்றையும் முறைப்படுத்திக் கூறுகிறேன். முதலில் டயர்களில் காற்றுச் சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும். அடுத்து, முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, வண்டி நகராதபடி முட்டுக் கொடுத்து, எஞ்சின் ஓடாத நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். அப்போதும் அங்கங்கே இறுகினால் குற்றம் பம்பில் இல்லை. இணைப்புகளிலோ தண்டிலோ துருவேறியிருக்கிறது.

பிறகு பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்குவது பல கார்களுக்குப் பொருந்தும். திருப்பும்போது கீச்சென்ற ஓசை கேட்டால் பெல்ட் வழுக்குகிறது என்றும், முரலும் ஓசை கேட்டால் பம்பு எண்ணெயின்றித் தவிக்கிறது என்றும் கொள்ளலாம். எண்ணெயில் நுரை இருந்தால் எங்கோ காற்றுப் புகுகிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புப் பொடி மின்னினால் உள்ளே தேய்மானம் நிகழ்கிறது.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனத்தால் ஸ்டியரிங் பெட்டியின் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். பம்பு பழுதானால் இரு பக்கமும் கனக்கும். எஞ்சின் மெல்ல ஓடும்போது கனத்து, வேகமாக ஓடும்போது இலகுவானால் பம்பு தேய்ந்திருக்கக்கூடும். அல்லது பெல்ட் வழுக்கக்கூடும். ஐயம் தீர்வதற்கு அழுத்தமானி உண்டு. பம்புக்கும் அழுத்தக் குழாய்க்கும் இடையே அதனை மாட்டி, அதன் வால்வைச் சில விநாடிகள் மட்டும் மூடினால், பம்பு தர வேண்டிய அழுத்தத்தைத் தருகிறதா என்பது தெரிந்துவிடும். தந்தால் பம்பு குற்றமற்றது. இச்சோதனையைப் பயிற்சியுள்ளவரே செய்ய வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சோதித்தபின் பம்பே பழுது என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். தண்டின் வழியே ஒழுகுவது மட்டும் குறையாயின் சீல்களை மாற்றினால் போதும். வளையம் கீறியிருந்தால் வேறு பம்பே வழி. பழைய சாமான் கடையில் வாங்குபவர் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நெருடலின்றிச் சீராகச் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆடலாகாது. புல்லியின் பள்ளங்களும் குழாய் வாய்களும் நம் பம்பைப் போன்றே உள்ளனவா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

புல்லியைப் புல்லர் கொண்டே இழுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் தண்டும் உள்தகடுகளும் கெடும். பழைய எண்ணெயை முற்றும் வடித்து, குழாய்களையும் டப்பாவையும் சல்லடையையும் சுத்தம் செய்த பின்னரே வேறு பம்பை மாட்ட வேண்டும். பழைய இரும்புப் பொடி உள்ளே தங்கினால் வந்த பம்பையும் அதுவே தின்றுவிடும். சல்லடை டப்பாவோடு ஒட்டியிருந்து சுத்தமாகாவிடில் டப்பாவையே மாற்றுவது நலம். உறிஞ்சு குழாயும் அதன் கவ்விகளும், அழுத்தக் குழாய் முனையின் வாஷர்களும் புதியனவாக இருக்கட்டும். இவற்றின் விலை பம்பின் விலையோடு ஒப்பிட அற்பமே.

எண்ணெய் ஊற்றும்போது டப்பாவின் மூடியிலும் காரின் கையேட்டிலும் குறித்த வகையையே ஊற்றுக. பழைய கார்கள் பலவற்றுக்குத் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கு உரிய சிவப்பு எண்ணெயே பொருந்தும். வேறு சிலவற்றுக்கு வேறு வகை வேண்டும். பிரேக் எண்ணெயை ஒருபோதும் ஊற்றலாகாது. அது சீல்களைக் கெடுத்துவிடும். ஒழுக்கை அடைக்கும் மருந்து என்று விற்பவை சீலைச் சிறிது உப்பச் செய்து சில நாள் தாங்கும், நோயைத் தீர்க்கா.

இறுதியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, எஞ்சினைக் கிளப்பாமலே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பதினைந்து இருபது முறை மெல்லத் திருப்புக. டப்பாவில் குமிழி எழுந்து அளவு இறங்கும், மேலும் ஊற்றுக. குமிழி நின்றபின் எஞ்சினைக் கிளப்பி, மெல்ல ஓடவிட்டு, மீண்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையின்றி உடனே கிளப்பினால் புதிய பம்பு வறண்டு சுழன்று முதல் நாளிலேயே கீறல்படும்.

சிறு ஓசைக்குச் செவி கொடுங்கள்

அங்கத்தினர்களே, பட்டறைக்காரர் பம்பு போயிற்று என்றால் கோபிக்க வேண்டாம். எப்படித் தெரிந்தது என்று பணிவாகக் கேளுங்கள். எண்ணெயைக் காட்டச் சொல்லுங்கள். குழாயை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கி வாருங்கள். நல்ல தொழிலாளி இதற்கு மனம் நோகான்.

அம்மா மறுபடியும் கொல்லிமலைக்குப் போக வேண்டும் என்கிறார். இம்முறை போகுமுன் மாப்பிள்ளையும் நானும் காரின் முன்மூடியைத் திறந்து, டப்பாவின் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தோம். சிவந்து தெளிந்திருந்தது. எஞ்சினைக் கிளப்பி ஸ்டியரிங்கைத் திருப்பினோம். வண்டின் ஓசை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம்.